கோட்டு போட்ட படம்

ஐப்பசி பொறந்தா சென்னையில மழைய ரெண்டு விதமாப் பாக்கறாங்க. மொட்டமாடியில நின்னு பஜ்ஜியோட பாக்கறவன் ஒருத்தன். சாக்கடை மூடியத் திறந்து வச்சுக்கிட்டு இறங்கப் போறவன் இன்னொருத்தன். கேமராவோட நடுவுல நின்னவன் நான். அந்த நடுவைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

விழுப்புரம் பக்கத்துச் சேரியிலிருந்து பாசஞ்சர் ஏறி எழும்பூரில் இறங்கியவன். தமிழ் எம்.ஏ. கார், கூதிர், முன்பனி என்று பெரும்பொழுது ஆறையும் வரிசை தப்பாமல் ஒப்பிப்பேன். நகரத்தில் கார்காலம் என்றால் மலக்குழி நிரம்புகிற காலம் என்று எந்த உரையாசிரியனும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லிக் கொடுத்தவர் புளியந்தோப்பில் எங்கள் தெருவிலிருந்த அண்ணன் ஒருவர். ஒப்பந்தத் தொழிலாளி. உள்ளே இறங்கி ஏறிய நாளில் ராத்திரி வரைக்கும் சோறு இறங்காது அவருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் பெரிய கறி பிரியாணி வாங்கி, எனக்கும் ஒரு பங்கு வைப்பார்.

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு நகரத்தைக் கழுவ வெளிமாவட்டங்களிலிருந்தெல்லாம் நம்ம சனங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த நாட்களில்தான் அவரைப் படம் எடுத்தேன். நெஞ்சு வரைக்கும் குழிக்குள், நெற்றியில் கறுப்புத் தண்ணி, பின்னால் சாயங்கால வெயில்.

“எடுத்துக்க தம்பி. பொங்கலுக்குப் புதுச் சட்ட போட்டுக்கினு நிப்பேன், அப்ப ஒண்ணு எடு. இத ஊட்ல மாட்ட முடியாது.”

சரிண்ணே என்றேன். பொங்கலுக்குக் காரைக்குடிப் பக்கம் போய்விட்டேன், செட்டிநாட்டு வீடுகளின் தூண்களையும் சாப்பாட்டு இலைகளையும் எடுக்க. அடுத்த பொங்கலுக்கு வேறு ஊர். மூன்று பொங்கல் போனது. குழிப் படம் ஒரு கண்காட்சியில் தொங்கியது. ஏசி கூடத்தில் நின்று ‘என்ன லைட்டிங்’ என்றார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

2018 ஐப்பசியில் அவர் விஷவாயுவில் செத்தார். மனிதரைக் குழியில் இறக்கக் கூடாது என்று 2013லேயே சட்டம் வந்துவிட்டது. இப்படிச் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்கணும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது (2023இல் அது முப்பது லட்சமானது). ஆனால் ஒப்பந்தக்காரர் என்ன சொன்னார்? “அவர் இறங்குற ஆளே இல்ல. மேல நின்னவர் தவறி விழுந்துட்டார்.”

அண்ணி வந்தாங்க. “மாலை போட ஒரு படம் வோணும் தம்பி. ஆதார்ல இருக்கறது அவுரு மாரியே இல்ல.”

என்னிடம் இருந்தது அந்த ஒரே படம். ஸ்டூடியோ பையன் கம்ப்யூட்டரில் முகத்தை மட்டும் வெட்டி, கறுப்புத் தண்ணியைத் துடைத்து, நீலக் கோட்டும் டையும் மாட்டினான். பாபாசாகேப் பக்கத்தில் அது தொங்குகிறது. வெட்டாத படம் வக்கீலின் கோப்புக்குப் போனது, அவர் இறங்குகிற ஆள்தான் என்பதற்குச் சாட்சியாக.

நம் தோழர்களுக்குள்ளே ரெண்டு கட்சி உண்டு. நம்ம சனங்களை மலத்தோடு காட்டாதே என்பது ஒன்று; காட்டாவிட்டால் இல்லவே இல்லை என்று சாதிப்பான் என்பது இன்னொன்று. ரெண்டும் நியாயம்தான். என் சிக்கல் வேறு. சாட்சிக்காக எடுத்தேன் என்று இன்றைக்கு நான் சொன்னால் அது பொய். வெயிலுக்காக எடுத்தேன். படம் பயன்பட்டதால் எடுத்தவன் யோக்கியனாகிவிடுவானா?

1942இல் வாஷிங்டனில், கறுப்பினப் புகைப்படக்காரர் கார்டன் பார்க்ஸ், அரசு அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்த எல்லா வாட்சனைத் துடைப்பத்தோடு கொடிக்கு முன்னால் நிறுத்தி எடுத்த படம் உலகத்துக்கே தெரியும். அதற்கப்புறம் அந்த அம்மாவின் வீட்டுக்கும் சர்ச்சுக்கும் போய், பேரப்பிள்ளைகளோடும் எடுத்துக்கொண்டே இருந்தார் என்பதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் படித்தேன். அவர் திரும்பிப் போனார். நான் காரைக்குடிக்குப் போனேன்.

“கோர்ட்டுக்குக் குடு. வேற எங்கயும் மாட்டாத” என்று அண்ணி சொல்லியிருக்காங்க. போன வருஷம் ஒரு பத்திரிகை அதே படத்தைக் கேட்டது. தரவில்லை. தராமலிருப்பதால் யாருக்காவது நஷ்டமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பொங்கலுக்கு நான் எங்கயும் போகல. தெருவுல நாற்காலி போட்டு, பின்னால ஒரு வெள்ளைத் துணி கட்டினேன். தலை சீவி, புதுத்துணி உடுத்தி வரிசையா வந்தாங்க. அண்ணி மூணு வாட்டி திருத்தி உக்காந்தாங்க. பிரிண்டு போட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கேன். இன்னும் ஏழு வீட்டுக்குப் பாக்கி.