ஊண் குறைத்தலும் உடல் குறைத்தலும்

உயிர் வேறு, உடல் வேறு என்பது நம் தத்துவத்தின் முதற்பாடம். இப்பாடத்தைக் கற்ற ஒருவர் தம் உடலின் எடையைப் பற்றிக் கவலை கொள்ளலாமா? நாள்தோறும் எடைக்கருவியின் மீது ஏறி நிற்பது, அழியும் பொருளின் மீது வைக்கும் பற்று ஆகாதா? மறுபுறம், அளவின்றி உண்டு உடலைப் பெருக்கி, பின்னர் நோயுற்று, தமக்கும் பிறர்க்கும் துன்பம் விளைத்துக் கொள்வதுதான் அறமாகுமா? இவ்வினாக்கள் இன்று நம் இல்லங்கள் பலவற்றில் எழுகின்றன. இவற்றை ஆராய்வது பயனுடையது.

நம் முன்னோரிற் பலர் வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் வேளாண்மை செய்து வாழ்ந்தவர்கள். விடியலில் வயலுக்கு நடந்து, நாள் முழுதும் உழைத்து, பொழுது சாயுமுன் உண்டு முடித்தவர்கள். அவர்தம் பேரப்பிள்ளைகளோ நகரங்களில் நாற்காலியில் அமர்ந்து பொருளீட்டுகின்றனர். உழைப்பு போயிற்று, உணவின் அளவு போகவில்லை. புலால் இல்லை என்பதனாலேயே நம் இலை எளிய இலை ஆகிவிடாது. ஒரு கிராம் மாவுப்பொருள் 4 கலோரி தரும். ஒரு கிராம் நெய்யோ எண்ணெயோ 9 கலோரி தரும். கொல்லாமை நோன்பைக் காத்த உணவும் மிகுந்தால் உடலிற் கொழுப்பாகத் தங்கவே செய்யும்.

இனி நூல்கள் கூறுவதைக் காண்போம். புறத்தவம் ஆறு என்பர். அவற்றுள் முதலாவது அனசனம், அதாவது உண்ணாமை. இரண்டாவது அவமோதரியம், அதாவது வயிறு நிறைய உண்ணாது குறைத்து உண்ணுதல். ஆடவர்க்கு 32 கவளம், மகளிர்க்கு 28 கவளம் நிறைவான உணவு எனக் கொண்டு, அதனின் ஒரு கவளமேனும் குறைத்து உண்பதே அவமோதரியம் என்று விளக்கினர். எண்ணிப் பார்த்தால், உண்ணாதிருத்தலினும் குறைத்து உண்ணுதல் ஒரு வகையில் அரிது. உண்ணா நோன்புக்கு எல்லை தெளிவாக உள்ளது. குறைத்து உண்பவரோ, சுவை நாவில் இருக்கும்போதே கையை நிறுத்த வேண்டும். நாள்தோறும் நிறுத்த வேண்டும்.

முனிவர் எதற்காக உண்ண வேண்டும் என்பதையும் மூலாசாரம் கூறுகிறது. வலிமைக்காகவோ, சுவைக்காகவோ, உடலைக் கொழுக்கச் செய்யவோ அன்று. ஞானத்திற்காகவும், அடக்கத்திற்காகவும், தியானத்திற்காகவுமே உண்ண வேண்டும் என்பது அதன் கருத்து. வண்டியச்சுக்கு இடும் எண்ணெயை இதற்கு உவமை கூறுவது மரபு. எண்ணெய் இன்றேல் அச்சு தேயும். மிகுந்தால் வழிந்து வீணாகும். வண்டியை வழிபடுவாரும் இல்லை, பயணம் முடியுமுன் உடைத்தெறிவாரும் இல்லை. உடலையும் அவ்வாறே கருத வேண்டும். ஆகவே உடலைச் செவ்வையாக வைத்திருத்தல் பற்று ஆகாது. அதன் தோற்றத்திலேயே மனம் தங்கி நிற்பதுதான் பற்று.

இங்கே ஒரு நுட்பமான வினா எழுகிறது. உடல் மெலிய வேண்டும் என்ற எண்ணத்தோடு அட்டமியிலும் சதுர்த்தசியிலும் உண்ணாதிருந்தால் அது நோன்பாகுமா? "எந்த எண்ணத்தோடு இருந்தால் என்ன, வயிறு காய்ந்தது உண்மைதானே?" என்று கேட்பாரும் உளர். இவர் கூற்றில் ஒரு பாதி சரி. மருந்தை எந்த எண்ணத்தோடு உண்டாலும் உடலில் அது தன் வேலையைச் செய்யும்; அதுபோல் உணவு குறைந்தால் எடையும் குறையும். ஆனால் வினை உதிர்தல் வயிற்றைப் பொறுத்ததன்று, பாவனையைப் பொறுத்தது. தவத்திற்கு உலகியற் பயனை விலையாகக் கேட்பதை நிதானம் என்று கூறி, மூன்று சல்லியங்களுள் ஒன்றாக வைத்தனர் ஆசாரியர். எடைக்காக உண்ணாதிருப்பது பாவம் என்பதன்று. அது நல்ல உடல்நலப் பழக்கமாகவே இருக்கட்டும். ஆனால் இரண்டு கணக்கையும் ஒரே பேரேட்டில் எழுதலாகாது. எடை குறையவில்லை என்பதற்காக நோன்பு கசக்குமானால், அது எந்தக் கணக்கைச் சேர்ந்தது என்பதை நாமே அறிந்து கொள்ளலாம். மறுநாள் பாரணையில் இருநாள் உணவை ஒருங்கே உண்போமானால், இரண்டு கணக்கிலும் வரவு இல்லை.

அப்படியானால் இல்லறத்தார்க்கு உரிய வழி யாது? போகோபபோக பரிமாணம் என்னும் விரதமே அவ்வழியைக் காட்டுகிறது. நுகரும் பொருள்களுக்குத் தாமே ஓர் அளவு வகுத்துக் கொள்வது அது. குறித்த காலத்திற்கு ஏற்பது நியமம் என்றும், வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம் என்றும் சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் பிரித்துக் காட்டினார். அளவையும் காலத்தையும் வகுப்பவர் நாமே என்பதே இதன் சிறப்பு. பதினாறு பாவனைகளுள் ஒன்றும் "சக்திக்கேற்ற தவம்" என்றே பெயர் பெற்றது. அடுத்த வீட்டார் கடைப்பிடிக்கும் முறை நமக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. நீரிழிவுக்கு மருந்து உண்பவர், கருவுற்றவர், முதியவர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் உணவை நிறுத்துதல் தம் உயிர்க்குத் தாமே இழைக்கும் இம்சையாகவும் முடியலாம்.

அளவு வகுப்பதற்குச் சில குறிப்புகள் உதவும். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை எண். ஆசிய மக்களுக்கு இது 23ஐத் தாண்டும்போதே இடர் மிகத் தொடங்குகிறது என உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் எடுத்துரைத்தது. 160 செ.மீ. உயரமுள்ளவர்க்கு அவ்வெல்லை ஏறத்தாழ 59 கிலோ. இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90 செ.மீ., மகளிர்க்கு 80 செ.மீ. என்பது இந்தியர்க்கு வகுத்த வரம்பு. வாரத்திற்கு 150 நிமிடமேனும் விரைந்த நடை போன்ற உழைப்பு வேண்டும் என்பது 2020இல் அந்நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல். நாளுக்கு 30 நிமிடம், வாரத்தில் 5 நாள் நடந்தால் போதும். ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்கு நிகர். நாள்தோறும் 11 கிராம் எண்ணெய் குறைத்தால் அதனை ஈடுசெய்ய ஏட்டுக் கணக்கில் ஏறத்தாழ 78 நாள் ஆகும். உடல் ஏட்டுக் கணக்கின்படியே நடப்பதில்லை எனினும், பொறுமையின்றி எதுவும் கைகூடாது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

ஆகவே ஒரு திங்களுக்கு ஒரு நியமம் கொள்ளலாம். ஒருவர் இரண்டாம் முறை சோறு வாங்குவதில்லை எனக் கொள்ளட்டும். ஒருவர் கதிரவன் மறையுமுன் உண்பதை மீண்டும் வழக்கமாக்கட்டும். மற்றொருவர் உணவைக் குறைக்க இயலாராயின் நடையைக் கூட்டட்டும். காத்து முடித்த சிறு நியமம், கைவிட்ட பெரு விரதத்தினும் உயர்ந்தது.

மற்றும் ஒன்று. நம் நியமம் நம்மை அளப்பதற்கே. பிறரை அளப்பதற்கு அன்று. திருமண வீட்டிலும் விழாக்களிலும் ஒருவரது பருமனைச் சுட்டி நகைப்பது வாய்மொழி இம்சையே. பருத்தவர் அனைவரும் பெருந்தீனியர் அல்லர்; பிறவியும், நோயும், உண்ணும் மருந்தும் காரணமாகலாம். மெலிந்தவர் அனைவரும் அடக்கமுடையோரும் அல்லர்.

பொன்னூர் மலை ஏறிக் குந்தகுந்தாசாரியரின் திருவடிகளை வணங்கவும், நெடுநேரம் நிமிர்ந்தமர்ந்து நூல் ஓதவும், நோயுற்றவர்க்கு எழுந்து சென்று பணி செய்யவும் நம் உடல் உதவுகிறதா? உதவுமாயின் எடைக்கருவி காட்டும் எண்ணில் மனம் அலைய வேண்டுவதில்லை. உதவாதாயின் இன்றைய உணவில் ஒரு கவளத்தைக் குறைத்துத் தொடங்குவோமாக.