‘சும்மா இருங்கள், வாப்பா!’

தமிழக அரசு ஊழியர்கள் 2020-ஆம் ஆண்டு வரை 58 வயதில் ஓய்வு பெற்று வந்தார்கள். அவ்வாண்டு அது 59 ஆயிற்று. 2021-இல் 60 ஆயிற்று. இந்த இடைவெளியில் மனிதனுடைய எலும்போ நரம்போ மாறிவிடவில்லை. மாறியது ஏட்டில் எழுதப்பட்ட எண் மட்டுமே. நிர்வாகம் நடக்க ஓர் எண் வேண்டும். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த எண்ணை அலுவலக வாசலிலேயே விட்டுவிட்டு வராமல், வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் தூக்கிக்கொண்டு வந்து, ‘எனக்கு வயதாகிவிட்டது, இனி எனக்கொன்றும் இல்லை’ என்று சாய்ந்துவிடுகிறோமே, இதை நமது மார்க்கம் ஒப்புகிறதா?

நம் கடலோர ஊர்களில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. இருபது முப்பது ஆண்டுகள் சவூதியிலும் குவைத்திலும் துபாயிலும் உழைத்த சபராளி, சபரை முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார். குமர்களைக் கரையேற்றியாயிற்று, மகன் தலையெடுத்துவிட்டான். “நீங்கள் பட்ட பாடு போதும், சும்மா இருங்கள், வாப்பா!” என்கிறான். பாசத்தில் பிறந்த சொல்தான். ஆனால் அதற்குள் ஊருக்கு அஞ்சும் அச்சமும் சேர்ந்திருக்கிறது. வாப்பா பையைத் தூக்கிக்கொண்டு மீன் வாங்கப் போனால், ‘பெற்றவரைப் பை தூக்க விட்டிருக்கிறான் பார்’ என்று நாலு பேர் சொல்லுவார்களே! ஆகவே பை பறிக்கப்படுகிறது. மாடிப்படி ஏற வேண்டாம், வெயிலில் போக வேண்டாம், குடிக்கிற தண்ணீரும் இருந்த இடத்துக்கே வந்துவிடும். கையில் ஒரு கைப்பேசி மட்டும் கொடுக்கப்படுகிறது. ஓரிரு ஆண்டுகளில் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்; சர்க்கரை ஏறுகிறது; பள்ளிக்கு வந்தால் கண் முதலில் நாற்காலியைத் தேடுகிறது.

இது கித்மத்தா? பெற்றோருக்குப் பணிவிடை செய்வது எவ்வளவு பெரிய கடமை என்பது நாம் அறிந்ததே. ‘பனீ இஸ்ராயீல்’ அத்தியாயத்தில், முதுமையடைந்த பெற்றோரை நோக்கிச் ‘சீ’ என்ற சொல்லைக்கூடச் சொல்லலாகாது என்று அல்லாஹுத்தஆலா தடுத்திருக்கிறான். ஆனால் அவர்களைப் பேணுவது வேறு. அவர்களுக்கு எஞ்சியிருக்கும் சக்தியைச் செயலற்றுப் போகச் செய்வது வேறு. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதுதான் இதிலுள்ள சிக்கல்.

முதலில் ஷரீஅத்தின் அளவுகோலைப் பார்ப்போம். இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூலநோய் இருந்தது. எப்படித் தொழுவதென்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நின்று தொழும்படியும், இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஹஜ்ஜத்துல் விதாவின்போது கஸ்அம் கோத்திரத்துப் பெண்மணி ஒருவர், தம் தந்தை வாகனத்தில் நிலையாக அமரவும் முடியாத முதியவர் என்றும், அவருக்காகத் தாம் ஹஜ் செய்யலாமா என்றும் கேட்டபோது, அனுமதி கிடைத்தது. நோன்பு நோற்க இயலாத தள்ளாத முதியவருக்கு ஃபித்யா இருக்கிறது. அனஸ் (ரலி) அவர்கள் முதுமை மிகுந்துவிட்ட ஓரிரு ஆண்டுகள் நோன்பை விட்டு, நாள்தோறும் ஓர் ஏழைக்கு ரொட்டியும் இறைச்சியும் கொடுத்து வந்ததாகப் புகாரி ஷரீபில் காணப்படுகிறது.

தொழுகை, ஹஜ், நோன்பு ஆகிய இம்மூன்றிலும் மார்க்கம் கேட்கும் கேள்வி ஒன்றே: உன்னால் முடிகிறதா? உனக்கு வயது எத்தனை என்று எங்கும் கேட்கப்படவில்லை. நாற்பது வயதில் இடுப்பெலும்பு முறிந்தவனுக்குச் சலுகை உண்டு. எழுபது வயதில் தெருமுனைத் தேநீர்க் கடையில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டு ஊர் நியாயம் பேசக் கூடியவருக்கு, பர்ளுத் தொழுகையில் மட்டும் நிற்க முடியவில்லை என்பது எப்படிச் சலுகையாகும் என்று அவரே யோசிக்க வேண்டும். நாற்காலியில் தொழுபவர் எல்லாரையும் நான் சொல்லவில்லை. உள்ளே என்ன வலி என்பது அவருக்கும் அவரைப் படைத்தவனுக்கும் தெரியும். பக்கத்தில் நிற்பவர் அதைத் துருவவும் கூடாது. மேலும், நிற்க முடிந்தும் ஸஜ்தாச் செய்ய முடியாதவர் எப்படித் தொழுவது என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ சட்டங்கள் வேறுபடுகின்றன. அவரவர் தம் மஹல்லா ஹழ்ரத்திடம் கேட்டுத் தெளிவது நல்லது.

சலுகை இருக்கிறதே, அதை எப்படிப் பயன்படுத்துவது? இதற்கு ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியைவிட நல்ல பாடத்தை நான் கண்டதில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் வயது முதிரும் வரை இரவுத் தொழுகையை உட்கார்ந்து தொழுததே இல்லை. முதிர்ந்த பின்னர் உட்கார்ந்து ஓதுவார்கள். முப்பது நாற்பது ஆயத்துக்கள் எஞ்சியிருக்கும்போது எழுந்து நின்று அவற்றை ஓதி, பிறகு ருகூஉச் செய்வார்கள். அது நஃபில் தொழுகை. முழுவதும் உட்கார்ந்தே தொழுதிருக்கலாம், தடையேதும் இல்லை. ஆனாலும் முழுச் சலுகையையும் எடுத்துக்கொள்ளாமல், உடம்பு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்கு எழுந்து நின்றார்கள்.

மறுபக்கமும் உண்டு. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் இளமையில் அளவுக்கு மீறி நோன்பு நோற்க விரும்பினார்கள். உடம்புக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உன்மீது உரிமை உண்டென்று நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துச் சொல்லி, குறைவான நோன்பே போதுமென்றார்கள். இவர்களோ மேலும் மேலும் கேட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் நோற்கும் தாவூது நபியின் நோன்பை ஏற்றுக்கொண்டார்கள். முதுமை வந்தபோது, அன்று நாயகம் தந்த சலுகையை ஏற்றிருக்கலாமே என்று ஏங்கினார்கள். ஆயினும் கைவிடவில்லை. உடம்பு தேறுவதற்காகச் சில நாட்கள் நோன்பை விட்டு, அந்த நாட்களை எண்ணி வைத்துக்கொண்டு, பிறகு அத்தனையும் நோற்றார்கள். ஒருமுறை பற்றிக்கொண்ட அமலை முதுமை வந்ததென்று விடவுமில்லை. உடம்பை அடித்து நொறுக்கவுமில்லை.

உடம்பின் இயல்பும் இதற்கு ஒத்தே இருக்கிறது. பயன்படுத்தாத தசை கரைந்துபோகும். படுக்கையில் கிடக்கும் முதியவருக்குச் சில நாட்களிலேயே கால்கள் வலுவிழக்கத் தொடங்கிவிடும் என்பது மருத்துவர் எல்லாரும் அறிந்தது. வலுவிழந்த கால் தடுமாறுகிறது, தடுமாறினால் விழுகிறார், விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 65 வயதைக் கடந்தவர்களும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் ஓரளவு மூச்சு வாங்கும்படி நடப்பது போன்ற உழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாட்களேனும் உடலின் நிதானத்துக்கும் வலுவுக்கும் பயிற்சி வேண்டும் என்றும் கூறியிருக்கிறது. பள்ளிவாசல் ஐந்து நிமிட நடையில் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். மூன்று வக்துக்கு நடந்து போய் வந்தாலே நாளொன்றுக்கு 30 நிமிடம்; வாரத்துக்கு 210 நிமிடம். மகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டால் அது பூஜ்யம். மஸ்ஜிதுந் நபவிக்கு அருகில் குடிவர விரும்பிய பனூ ஸலிமா கூட்டத்தாரை நாயகம் (ஸல்) அவர்கள் இருக்குமிடத்திலேயே இருக்கச் சொன்னார்கள். அவர்களுடைய காலடிகள் எழுதப்படுகின்றன என்பதே அவர்கள் கூறிய காரணம். தொழுகைக்கு ஓடி வரக் கூடாதென்பதும் நாயகத்தின் கட்டளையே. நிதானமாக நடந்தாலும் நடை நடைதான்.

தொழுகையே ஓர் உடற்பயிற்சி என்று மேடைகளில் பேசுகிறார்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. தொழுகை இபாதத். அதனால் முழங்காலுக்கு நன்மை கிடைக்குமானால் அது அல்லாஹ்வின் கொடை. அதற்காக ஒருவன் தொழுவானேயாகில் அவன் நிய்யத்தைத்தான் திருத்திக்கொள்ள வேண்டும். நடக்கும் விஷயத்தை நான் சொன்னது, உடல் ஓர் அமானத் என்பதற்காக. நெஞ்சு வலியோ மூச்சிரைப்போ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு நடக்கட்டும்.

இனிப் பிள்ளைகளிடம் வருவோம். நபி இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு இஸ்மாயீல் (அலை) பிறந்ததே முதுமையில்தான். அந்த மகன் வளர்ந்து ஆளாகி, மணமும் முடித்த பிறகு, கஃபாவை எழுப்பும்படி இறைவனின் ஆணை வருகிறது. தந்தையின் வயது எவ்வளவு இருந்திருக்கும்? அந்த மகன், ‘நீங்கள் நிழலில் இருங்கள், நான் கட்டி முடிக்கிறேன்’ என்று சொன்னதாக வரலாறில்லை. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் ரிவாயத்துப்படி, மகன் கல் சுமந்து வருகிறார், தந்தை கட்டுகிறார். சுவர் உயர்ந்து கைக்கு எட்டாமற் போனபோது, மகன் ஒரு கல்லைக் கொண்டுவந்து தந்தைக்காக வைக்கிறார். தந்தை அதன்மேல் ஏறி நின்று வேலையைத் தொடர்கிறார். மகாமு இப்ராஹீம் என்று இன்றும் ஹாஜிகள் அருகில் நின்று தொழுகிறார்களே, அந்தக் கல்தான் அது.

சுமை தூக்கும் பங்கை மகன் ஏற்றார், கை எட்டாதபோது ஏறி நிற்க இடம் கொடுத்தார், வேலையைப் பறிக்கவில்லை. இன்றைய வீட்டில் இதற்கு என்ன பொருள்? குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி. வழுக்காத தரை. பள்ளிவாசல் வழியில் ஒரு விளக்கு. நல்ல கண்ணாடி, நல்ல செருப்பு, தேவையானால் ஒரு கைத்தடி. மீன் பையில் பாரம் மிகுந்தால் அதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்குப் போவதை நிறுத்தாதீர்கள். ஊர் பேசினால் பேசட்டும்.

‘வயதான காலத்தில் தஸ்பீஹும் கையுமாக இருந்தால் போதாதா? துன்யா வேலை எதற்கு?’ என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். திக்ரின் சிறப்பை யார் குறைக்க முடியும்? ஆனால் ‘அலம் நஷ்ரஹ்’ என்ற சிறிய அத்தியாயத்தைக் கவனியுங்கள். ஒன்றிலிருந்து ஓய்ந்ததும் அடுத்ததில் முனையும்படியே அங்கு ஏவப்படுகிறது. ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மக்களிற் பலர் நஷ்டமடையும் இரு அருட்கொடைகள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். அவர்கள் பாதுகாப்புத் தேடிய துஆவில் இயலாமை, சோம்பல், தள்ளாமை மூன்றும் தனித்தனியாக வருகின்றன. இயலாமை வேறு, சோம்பல் வேறு. சோம்பலுக்கு இயலாமை என்று பெயர் வைத்துக்கொள்வதுதான் முதுமையில் நமக்கு எளிதாக வரும் ஏமாற்று.

குஸைமா இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் தம் நிலத்தில் மரம் நடாமல் விட்டிருந்தார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காரணம் கேட்டபோது, தாம் நாளை இறந்துபோகும் கிழவர் என்றார்கள். உமர் (ரலி) அவர்கள் அதை ஏற்கவில்லை. நட்டே தீரவேண்டுமென்று வற்புறுத்தினார்கள். அதோடு விட்டுவிடவும் இல்லை. தம் கைகளாலேயே தந்தையுடன் சேர்ந்து நட்டதைத் தாம் கண்டதாகக் குஸைமாவின் மகன் உமாரா அறிவிக்கிறார்.

நடுவதற்கு நிலம் இல்லாதவருக்கும் ஊரில் வேலை இருக்கிறது. மையித்தைக் குளிப்பாட்டிக் கஃபனிடத் தெரிந்தவர்கள் பல மஹல்லாக்களில் விரல்விட்டு எண்ணத் தக்கவர்களே. அவர்களுக்குப் பிறகு யார்? மக்தபில் பிள்ளைகளுக்கு அலிஃப் பே சொல்லிக் கொடுக்கவும், கணக்கில் பின்தங்கிய பையனை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளவும் ஆள் தேவை. நோயாளியைப் பார்க்கப் போகலாம். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதத் தெரியாத விதவைக்கு எழுதிக் கொடுக்கலாம். ஆனால் ஓய்வு பெற்றவர்களிற் சிலர் சுறுசுறுப்பு என்றதும் ஜமாஅத் நிர்வாகத் தேர்தலைத்தான் நினைக்கிறார்கள். பதவியைப் பிடித்துக்கொண்டு இளைஞர்களை அண்டவிடாமல் செய்வது நான் சொல்லும் உழைப்பில் சேராது.

படுக்கையில் விழுந்துவிட்டவர்களுக்கும், நினைவு தப்பியவர்களுக்கும் இவை எதுவும் பொருந்தாது. அறிந்திருந்த பின் ஒன்றுமறியா நிலைக்குத் திருப்பப்படுவோரும் உண்டென்று திருமறை சொல்லுகிறது. அவர்கள்மீது கணக்கில்லை, கணக்கு அவர்களைப் பேணவேண்டிய நம்மீதுதான். நோயாளிக்கு, அவர் உடல் நலத்தோடு இருந்தபோது செய்து வந்த அமல்கள் அப்படியே எழுதப்படும் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் தந்த நற்செய்தி. அறுபதுக்கும் படுக்கைக்கும் இடைப்பட்ட பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஏன் இவ்வளவு விலை உயர்ந்தவை என்பது இதிலிருந்து விளங்கும். அப்போது செய்து வந்தது எதுவோ, அதுதானே பிறகு எழுதப்படும்?

இவ்வளவும் ஆண்களைப் பற்றியே ஆகிவிட்டது. வீட்டிலிருக்கும் உம்மாவுக்கு எந்த அரசு ஓய்வு வயது நிர்ணயித்திருக்கிறது? 58-உம் இல்லை, 60-உம் இல்லை. வாப்பாவைப் பார்த்துச் சும்மா இருக்கச் சொல்லும் மகன், அதே மூச்சில் உம்மாவிடம் இடியாப்பம் கேட்கிறான். அவருக்கு உழைப்பைப் பற்றி நாம் உபதேசிக்க வேண்டியதில்லை. மத்தியானத்தில் ஒரு மணி நேரம் கால் நீட்டிப் படுக்க இடம் கொடுத்தால் போதும். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து போவார்கள் என்றும் ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முப்பதாண்டு சபரில் தனியாகச் சமைத்துத் தின்ற எத்தனையோ பேர், ஊர் திரும்பியதும் அடுப்படிப் பக்கம் வருவதில்லை. ஸுப்ஹு தொழுதுவிட்டு வந்ததும் காலைத் தேநீரை அவர்களே போடலாம். முதல் சில நாட்கள் சீனி சற்று முன்பின்னாக இருக்கும், உம்மா பொறுத்துக்கொள்வார்.