சராசரியின் புண்ணியம்

பெரிய கந்தோர்க் கட்டடங்களும் இன்று நன்னடத்தைப் புள்ளி பெறுகின்றன. லீட் எனும் அமெரிக்கத் தரச்சான்று முறை, இயங்கிவரும் கட்டடமொன்றின் மின்சாரத்தையும் நீரையும் மட்டும் அளப்பதில்லை. அங்கு சேரும் கழிவின் நிறை யாது, அதில் குப்பைமேட்டுக்குப் போகாது மீட்கப்பட்டது எவ்வளவு, பணிபுரிவோர் எவ்வாறு வந்துபோகின்றனர் என்றும் கேட்கிறது. கேட்பது நன்றே.

ஆயினும் நமக்கோர் ஐயம். கொழும்புக் கோட்டையில் அத்தகைய கந்தோரொன்று இருப்பதாகக் கொள்வோம். கீழ்த்தளங்களில் மேலதிகாரிகளின் மோட்டார் வண்டிகள் நிற்கின்றன. லிகிதர் கம்பஹாவிலிருந்து புகைவண்டி வாயிலில் தொங்கியபடி வருகிறார். துப்புரவுத் தொழிலாளியான பெண் விடியுமுன் பஸ் ஏறுகிறார். பிறர் ஒரே தொட்டியில் எறிந்த கடதாசியையும் எச்சில் சோற்றையும் பிரித்தெடுப்பவரும் அவரே. எல்லாம் சேர்ந்து ஒரு சராசரி. அது நன்றாயிருப்பதற்குக் காரணம், வண்டி வாங்க வழியற்றோர் பலராயிருப்பதுதான். வறியவன் ஒருவேளை உண்பதும் துறவி ஒருவேளை உண்பதும் ஒன்றாகுமோ? இங்கோ நிலை இன்னும் விசித்திரமானது: பட்டினி ஒருவருக்கு, விரதத்தின் பயன் மற்றொருவருக்கு!

புகை குறைந்தாற் போதும், காற்று எவருடைய நோக்கத்தையும் விசாரிப்பதில்லை என்பர் சிலர். உண்மையே. ஆனால் நாளை லிகிதரின் சம்பளம் உயர்ந்து அவரும் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினால் கட்டடத்தின் புள்ளி தாழும். உழைப்பவர் வாழ்வு உயர்வதைக் குறையாகக் காட்டும் கணக்கை நாம் எவ்வாறு அறக்கணக்கென ஏற்பது?

கழிவின் கதையும் இதுவே. படலையைத் தாண்டிய குப்பைக்கும் ஒரு விலாசம் உண்டு. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலையடியில் வாழ்ந்தோர் அம்மலையை ஆக்கியோர் அல்லர். பின்னர் கொழும்பின் குப்பையைப் புத்தளம் அருவக்காலுவுக்குக் கொண்டுசெல்லத் திட்டமிட்டபோது, அம்மாவட்ட மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்தனர். குப்பை தம் மண்ணுக்கு வருமுன் தம்மைக் கேட்டவர் யார் என்ற அவர்தம் வினாவுக்கு எந்தப் புள்ளிப் பட்டியலிலும் இடமில்லை.

தெரிவு உடையவரை அவரது தெரிவைக் கொண்டு தனியே அளக்கட்டும் என்பதே நம் கோரிக்கை. ஒரு மாதம் கீழ்த்தளங்களைப் பூட்டி வைத்துப் பார்க்கலாம். மேலதிகாரிகளும் அதே புகைவண்டியில் நெருக்குண்டு வரட்டும். பெட்டிகள் போதவில்லை என்று லிகிதர்கள் ஆண்டுதோறும் அனுப்பும் விண்ணப்பத்தில், அடுத்த மாதம் அவர்களுடைய கையொப்பமும் இருக்கும்.