முள்ளுக்காட்டுக்கு எந்தத் துப்பாக்கி?

தம்பி,

கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் மக்காச்சோளத்துக்குள் பன்றி இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்கு நீ சொல்ல வேண்டியதில்லை. தின்பதைவிட மிதித்துச் சாய்ப்பதுதான் அதிகம். விடிந்து போய்ப் பார்க்கிறவன் வரப்பிலேயே உட்கார்ந்துவிடுவான். நீயும் அப்படி உட்கார்ந்து எழுந்து வந்த கையோடுதான் கேட்டாய்: “அண்ணாச்சி, ஓடைக்கரை வேலிக்கருவைக்குள்ள அடைஞ்சு கெடக்கிற பன்னிய அடிக்க எந்தத் துப்பாக்கி தோது?”

அன்றைக்கு நான் பதில் சொல்லாமல் இருந்தது தப்பு. நீ யாரிடமோ அச்சாரம் கொடுத்துவிட்டதாக நேற்றுக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இந்த அவசரம். அந்தத் துப்பாக்கியை வாங்காதே. ஏற்கெனவே வாங்கியிருந்தால், இன்று ராத்திரி அதை எடுத்துக்கொண்டு ஓடைப்பக்கம் போகாதே. மீதியை நிதானமாகப் படி.

நீ கேட்டதற்கு நேராகவே வருகிறேன். முள்ளுக்காட்டுக்கென்று ஒரு துப்பாக்கி கிடையாது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் இதே கேள்வியைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருக்கிறார்கள். கனமான, மெதுவாகப் போகிற குண்டு புதரைப் பிளந்துகொண்டு நேரே போகும் என்று நம்பி, 1894ஆம் ஆண்டு வின்செஸ்டர் ரைபிளையும் 1873இலேயே வந்துவிட்ட பழைய .45-70 தோட்டாவைப் போடுகிற ரைபிளையும் புதர்த் துப்பாக்கி என்று கொண்டாடினார்கள். பிறகு சிலர் குச்சிகளை வரிசையாக நட்டு, பின்னால் அட்டையை நிறுத்திச் சுட்டுப் பார்த்தார்கள். சிறிய குண்டும் விலகியது, பெரிய குண்டும் விலகியது. ரைபிள் குண்டு பம்பரம்போலச் சுழல்வதால்தான் நேராகப் போகிறது. .308 குண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். ஒரு குச்சியில் பட்டால் போதும், பம்பரம் தள்ளாட ஆரம்பித்துவிடும். அதற்கப்புறம் அது எந்தப் பக்கம் போகும் என்று சுட்டவனால் சொல்ல முடியாது. வேலிக்கருவையின் வைரம் பாய்ந்த குச்சியைப் பற்றி நான் உனக்குச் சொல்லவா வேண்டும்? அரிவாளே அதில் வாய் மடங்கும்.

நம் நாட்டில் லைசென்ஸ்காரர்கள் வைத்திருக்கிற .315 ரைபிள் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்வது. குண்டு ஏறக்குறைய 16 கிராம் எடை. பன்றியில் படாமல் போனால் இரண்டு மூன்று கிலோமீட்டர் போகும். உன் காட்டிலிருந்து அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? பன்னிரண்டு போர் துப்பாக்கியில் எஸ்.ஜி. தோட்டா போட்டால் ஒன்பது குண்டு ஒரே சமயத்தில் கிளம்பும். அந்த ஒன்பதுக்கும் நீதான் பொறுப்பு. நீ அச்சாரம் கொடுத்திருக்கிற நாட்டுத் துப்பாக்கியோ, வாய்வழியாகக் கருமருந்தைக் கிட்டித்துப் பால்ரஸ் குண்டு போட்டுச் சுடுவது. அதன் குழாய் எதற்காகச் செய்த குழாய் என்று செய்தவனுக்கே தெரியாது. மருந்து கொஞ்சம் கூடினால் குழாய் வெடிக்கும். அப்போது போவது உன் கை, உன் கண்.

பன்றியின் உடம்பும் உனக்குத் தோதாக இல்லை. இதயம் முன்னங்கால்களுக்கு நடுவே மிகவும் தாழ்வாக இருக்கிறது. வயசான ஆண் பன்றிக்குத் தோள்பட்டை மேல் குருத்தெலும்புபோலக் கெட்டித்த தோல் கேடயம் மாதிரிப் படர்ந்திருக்கும். புதருக்குள் தெரிகிற கறுப்புத் திட்டில் எது தோள், எது தொடை? குத்துமதிப்பாகச் சுட்டால் குடலில்தான் படும். அது ஓடிப்போய் இரண்டு மூன்று நாள் அழுகிச் சாகும். இல்லாவிட்டால் முள்ளுக்குள் படுத்திருந்து, தேடி வருகிறவனின் தொடையைக் கோரைப்பல்லால் கிழிக்கும்.

இதெல்லாம்கூடப் பெரிசில்லை தம்பி. அந்த ஓடைக்குள் ராத்திரி யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தாயா? மும்முனை மின்சாரம் ராத்திரியில் வருகிறபோது மோட்டார் போடப் போகிறவர்கள். டார்ச்சில் பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று அணைத்துவிட்டே நடப்பார்கள். கிடை போட்டிருக்கிற ஆட்டுக்காரர். மூட்டத்துக்குக் காவல் படுத்திருக்கிற கரிமூட்டக்காரர்கள். விடியலில் ஒதுங்கப் போகிற பெண்கள், விறகு பொறுக்குகிறவர்கள். இவர்கள் எல்லோரும் புதருக்குள் ‘சரசர’ என்றுதான் சத்தம் போடுவார்கள். பன்றியும் அதே சத்தம்தான் போடும். பன்றி என்று நினைத்து மனிதனைச் சுட்டுவிட்டான் என்று செய்தி வரும்போதெல்லாம் சுட்டவன் அநேகமாகச் செத்தவனுக்குத் தெரிந்தவனாகவே இருக்கிறான். கூட வேட்டைக்குப் போனவன், பக்கத்துக் காட்டுக்காரன், சில சமயம் சொந்தக்காரன்.

என் தாய்மாமா ஒருவர் இருந்தார். லைசென்ஸ் துப்பாக்கி, நல்ல குறி, பதற்றமே இல்லாத மனுசர். எனக்குப் பதினான்கு வயசு. கடலைக்குக் காவல் போனபோது நானும் கூடப் போனேன். கருவைக்குள் அசைந்தது. மாமா ஒரு மூச்சு நிதானித்து, பிறகுதான் சுட்டார். உள்ளே போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டுச் சினைப்பசு. கயிற்றை அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. பசுவுக்கு விலை கொடுத்துவிட்டார். ஆனால் அதே இடத்தில் அரை மணிக்கு முன்னால் அந்த மாட்டைத் தேடி அதன் சொந்தக்காரர் மகன் போயிருக்கிறான் என்று மறுநாள்தான் தெரிந்தது. அதற்கப்புறம் மாமா துப்பாக்கியைத் தொட்டு நான் பார்க்கவில்லை. அவ்வளவு நிதானமான ஆளுக்கே அப்படி என்றால், வயிறு எரிந்துகொண்டிருக்கிற உனக்கு?

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்க்காவலுக்கென்று பேர் சொல்லிக் குறிப்பிடுவது வாய்வழி மருந்து கிட்டிக்கிற துப்பாக்கியைத்தான், ரைபிளை அல்ல. அதற்கும் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இருந்தாலும் பன்றியைச் சுடலாம் என்று அர்த்தமில்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, நிற்கிற பயிருக்கு ஆபத்து என்றால் எழுத்து மூலம் அனுமதி கொடுக்கிற அதிகாரம் வனத்துறைக்குத்தான் இருக்கிறது. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே லைசென்ஸ்காரர்களை வைத்துச் சுட அனுமதிக்கிறார்கள். அதைப் பார்த்து ‘அங்கே மட்டும் எப்படி’ என்று கேட்காதே. அங்கேயும் சுட்ட பன்றியைப் புதைக்கத்தான் வேண்டும், தின்னக் கூடாது. இதைக் கேட்டதும் உன் கூட்டாளிகளில் பாதிப்பேருக்குப் பயிர்மேல் உள்ள அக்கறை குறைந்துவிடும், பார்.

துப்பாக்கி வேண்டாம் என்றதும் அவுட்டுக்காய்க்கும் கரண்டு கம்பிக்கும் போய்விடாதே. கையைப் பிடித்துக் கேட்கிறேன். பழத்துக்குள் வெடிமருந்தை வைத்தால் அது பன்றி வாய்க்கு மட்டும் போகும் என்று எவன் எழுதிக் கொடுத்தான்? 2020இல் மன்னார்க்காடு பக்கம் வாய் சிதறி ஆற்றுத் தண்ணீருக்குள் நின்றே செத்த சினை யானையை நாடே பார்த்தது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கத்தில் திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயைச் சுற்றிச் சுற்றி வந்தன. நம் பக்கம் யானை இல்லை என்பாய். ஆடு மேய்க்கிற பையன் இருக்கிறான் அல்லவா?

அப்படியானால் பன்றிக்கு என்னதான் வழி என்று உனக்குக் கோபம் வரும். வழி இருக்கிறது. துப்பாக்கிபோல ஒரே ராத்திரியில் முடிவதில்லை, அவ்வளவுதான். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடுவதில்லை. 1 முதல் 3 வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடுவது. 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறை ஆட்களே சுடுவது. நம் கரிசலுக்கும் காப்புக்காட்டுக்கும் உள்ள தூரம் உனக்கே தெரியும். வனவர், கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர் மூன்று பேருக்கும் மனு போக வேண்டும். சர்வே எண், பயிர், சேதமான பரப்பு, காலடித் தடத்தோடு போட்டோ எல்லாம் அதில் இருக்கட்டும். நீ ஒருத்தன் எழுதினால் காகிதம். ஓடைக்கு இரண்டு பக்கமும் காடு வைத்திருக்கிறவர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால் ஜீப் வரும். ஒரு தடவை எழுதி வராவிட்டால் மறுபடி எழுது. அலைய வைப்பார்கள், நான் இல்லையென்று சொல்லவில்லை.

அதற்குள் ஓடைக்கரைக் கருவையை ஊரே சேர்ந்து அழித்துவிடுங்கள். பகலில் படுக்க இடமில்லாவிட்டால் பன்றி அங்கே தங்காது. சூரிய மின்வேலி போடுவதானால் 2023 விதிகளின்படி பதிவு செய்து போடு. அது அடித்துத் துரத்தும், கொல்லாது. பரணைத் திரும்பக் கட்டு. முறை வைத்துக் காவல் காக்க ஐந்து வீடு போதும்.

வனத்துறை ஆட்கள் சுட வந்தால் அவர்களையும் பரணில் ஏறச் சொல்லிக் கேள். மேலிருந்து கீழே சுட்டால் தவறிய குண்டு மண்ணுக்குள்தான் போகும். பன்றி புதரைவிட்டு வெட்டவெளிக்கு வந்து, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகே சுட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரியாதது, அன்று ராத்திரி யார் மோட்டார் போடப் போகிறார் என்பது. அதைச் சொல்ல வேண்டியது நீ. சாயங்காலமே வீடு வீடாகப் போய்விடு. ஊர்க்காரர்களுக்குத் தண்டோராவிலோ வாட்ஸ்அப்பிலோ சேதி போய்விடும். கரிமூட்டக்காரர்கள் வெளியூர் ஆட்கள், அவர்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். பாலத்துக்குத் தெற்கே நான்கு குடிசை இருக்கிறது. முதலில் அங்கே போ.