விலையில்லாப் பொருளும் அமானிதமே

எதைக் கண்டாலும் "என்ன விலை?" என்று கேட்பது வியாபாரிகளாகிய நமது வழக்கம். அது குற்றமன்று. ஆனால் விலையே இல்லாத ஒன்றுக்கு நம்மீது ஏதேனும் உரிமை உண்டா என்ற கேள்விக்கு நமது பேரேட்டில் பதில் கிடைக்காது.

கேமரன் மலையை எடுத்துக்கொள்வோம். 1885-ல் வில்லியம் கேமரன் அங்கே நிலஅளவைக்குச் சென்றார். 1929-ல் 'போ' தேயிலைத் தோட்டம் தொடங்கிற்று. தமிழர் உழைப்பால் காட்டுச் சரிவுகள் தேயிலைச் சரிவுகளாயின. அம்மலைக் காட்டில் விரலளவுப் பல்லி ஒன்று வாழ்கிறது. வீட்டுப் பல்லியின் கண்பாவை கீற்றுப் போன்றது; இதற்கோ வட்டம். 2014-ல்தான் விஞ்ஞானிகள் இதைத் தனி இனமென்று அறிவித்து, தெமியார் பழங்குடி மக்களை நினைந்து 'நீமாஸ்பிஸ் தெமியா' என்று பெயரிட்டனர். தேயிலை வந்து எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்!

இலங்கையிலும் இத்தகைய பகற்பல்லிகள் முப்பது இனங்களுக்கு மேல் உண்டு. அவற்றுட் பல, ஒரு மலையை விட்டால் வேறெங்கும் இல்லை. அக்காடு போனால் அந்த இனமே போயிற்று. வெட்டியவனுக்கோ, தான் எதை அழித்தோம் என்பதே தெரியாது.

"பல்லியைக் கொல்ல ஹதீஸ் உண்டே" எனச் சிலர் கேட்கலாம். வீட்டுக்குள் வந்த ஒன்றை அடிப்பது வேறு. ஓர் இனத்தையே வேரறுப்பது வேறு. நாய்களும் ஒரு சமுதாயமே என்ற காரணத்தால் அவற்றை அடியோடு ஒழிக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

நிற்க. தேயிலையைப் பிடுங்கச் சொல்லவில்லை. எத்தனையோ குடும்பங்களுக்கு அதுவே சோறு. மிஞ்சியிருக்கும் காட்டைப் பற்றியே நமது பேச்சு.

ஊருக்குப் போகிறவர் ஒருவர் கட்டிய பொட்டலமொன்றை நம் கடையில் கொடுத்துவிட்டுப் போகிறார். உள்ளே தங்கமா தகரமா, நமக்குத் தெரியாது. தெரியாததால் குப்பையில் எறிவோமா? தெரியாததனாலேயே அதிகக் கவனமாய் வைத்திருப்போம். அமானிதத்தைக் காப்பது அதன் விலைக்காக அன்று, அது பிறர் பொருள் என்பதற்காக. காடும் அத்தகைய பொட்டலமே. அவிழ்த்துப் பார்த்தது சிறிதளவே.

ஆகவே மலையில் நிலம் குத்தகை எடுப்பவரும், அங்கிருந்து காய்கறி தருவிப்பவரும், அது முறையான அனுமதி பெற்ற நிலந்தானா என்று முதலில் கேட்கட்டும். உடையவன் கணக்குக் கேட்கும் நாளில் "மதிப்புத் தெரியாமல் தொலைத்தேன்" என்பது பதிலாகாது.