வென்றவர் ஒருவர், உழைத்தவர் எத்தனை பேர்?

பெல்ஜியம் நம் வாசகருக்குப் புதிய நாடன்று. 1893 இல் கண்டியில் நிறுவப்பெற்ற பாப்பரசர் குருமடத்தைப் பொறுப்பேற்று நடத்திய இயேசு சபைக் குருக்கள் அந்நாட்டவரே. அந்நாட்டின் வடபால் அமைந்த பிளாண்டர்ஸ் பிரதேசத்தில், ஆண்டுதோறும் வசந்த காலத்து ஞாயிறு ஒன்றில் நடைபெறும் துவிச்சக்கர வண்டிப் போட்டியொன்று, அறநெறி பற்றிய பழைய வினாவொன்றை நம்முன் வைக்கின்றது.

'பிளாண்டர்ஸ் சுற்று' என்பது அதன் பெயர். காரல் வான் வைனென்டாலே என்ற பத்திரிகையாளரின் முயற்சியால் 1913 இல் தொடங்கியது. ஒரே நாளில் ஏறத்தாழ 270 கிலோ மீற்றர். ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் நீளும் ஓட்டம். இடையிடையே கருங்கல் பதித்த ஒடுங்கிய பாதைகள். குத்தென நிமிரும் சிறு குன்றுகள். பாட்டர்பேர்க் என்ற ஏற்றத்தின் நீளம் 360 மீற்றர்தான். ஆயினும் அதன் சரிவு ஓரிடத்தில் 20 சதவீதத்தை எட்டுகின்றது. கொப்பன்பேர்க் ஏற்றத்தில் மழை நாளில் ஒருவர் வழுக்கிக் காலை ஊன்றினால், பின்னால் வருவோரும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க நேரிடும்.

பார்ப்பவர் கண்ணுக்கு இது தனி மனிதரின் போட்டி. உண்மை அதுவன்று. ஓர் அணியில் எழுவர். அவருள் வெல்லக் கூடியவர் ஒருவரோ இருவரோதான். ஏனையோர் அவருக்காகவே ஓடுகின்றனர். முன்னே செல்பவர் காற்றைக் கிழிக்க, அவரை ஒட்டிப் பின்னே வருபவருக்கு உழைப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மிச்சமாகும். ஆகவே துணைவர் காற்றைத் தம் நெஞ்சில் தாங்குகிறார். அணியின் மோட்டார் வண்டிவரை பின்வாங்கி, தண்ணீர்ப் போத்தல்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு மீண்டும் விரைந்து வருகிறார். குன்று நெருங்குமுன் தலைவரை முன்வரிசையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். தலைவரின் ரயர் காற்றுப் போனால் தமது சில்லையே கழற்றிக் கொடுக்கிறார். பின்னர் வலுவிழந்து ஒதுங்குகிறார். பெறுபேற்றுப் பட்டியலில், போட்டியை முடிக்காதோர் வரிசையிலே அவர் பெயர் கிடக்கும்.

அம்மக்களின் மொழியில் இத்தகைய துணைவரை 'கினெக்ட்' என்பர். வேலையாள், ஊழியன் என்பது பொருள். இசையாஸ் இறைவாக்கினர் காட்டும் துன்புறும் ஊழியனைக் குறிக்கவும் அம்மொழியில் இச்சொல் வழங்குவதுண்டு.

வாசகரே, இம்மனிதர் தோற்றவரா? ஓடுவோர் பலராயினும் பரிசு பெறுபவர் ஒருவரே எனப் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு உவமை காட்டினார். இவரோ பரிசு தமக்கில்லை என்பதைக் காலையிலேயே அறிந்து ஓடுபவர்.

"கூலிக்கு உழைப்பவரிடம் என்ன தியாகம்?" எனச் சிலர் கேட்பர். அவர் சம்பளம் பெறுவது மெய்யே. ஆசிரியரும் தாதியுங்கூடச் சம்பளம் பெறுகின்றனர். அதனால் அவர்களின் அன்பு பொய்யாகிவிடுமா? கடைசிக் குன்றின் அடிவாரத்தில் அவர் கொடுக்கும் மூச்சை எந்த ஒப்பந்தமும் அளந்து எழுதுவதில்லை.

இன்னொரு கேள்வி கனமானது. ஒருவரை மற்றவரின் வெற்றிக்குப் படிக்கல்லாக்குவது முறையா? மனிதரை வெறும் கருவியாக நடத்தலாகாது என்றார் ஜேர்மன் மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட். இரண்டாம் வத்திக்கான் சங்கமோ 1965 இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏட்டின் 24 ஆம் பிரிவில் இரு உண்மைகளை ஒன்றாகச் சேர்த்தது. இறைவன் மனிதரை அவர்கள் பொருட்டே விரும்பிப் படைத்தார் என்பது ஒன்று. தம்மை உளமாரக் கையளித்தாலன்றி மனிதர் தம்மைக் கண்டடையார் என்பது மற்றது. முதலாவதை மட்டும் பற்றிக்கொள்பவர் தன்னலத்தில் வீழ்வார். இரண்டாவதை மட்டும் எடுத்துப் பிறருக்குப் போதிப்பவர் அவர்களை உறிஞ்சத் தொடங்குவார்.

இந்த ஆபத்து கற்பனையன்று. துவிச்சக்கர வண்டி வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் ஊக்கமருந்தைத் தாம் பயன்படுத்தியது மட்டுமன்றி, அணித் தோழரும் பயன்படுத்த வேண்டுமென எதிர்பார்த்தார் என 2012 இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் முடிவு கூறியது. முன்னாள் தோழர் 11 பேர் சாட்சியம் அளித்தனர். சில்லைக் கேட்பது வேறு. மனச்சாட்சியைக் கேட்பது வேறு. முன்னதைத் தோழன் கேட்கலாம்; பின்னதைக் கேட்க எவருக்கும் உரிமையில்லை.

ஆகவே, ஊழியத்தை அடிமைத்தனத்திலிருந்து பிரித்தறிய மூன்று அடையாளங்கள் உண்டு. கொடுப்பவர் மனமுவந்து கொடுக்க வேண்டும். அவரது மனச்சாட்சி தீண்டப்படாதிருக்க வேண்டும். பெற்றவர் அதை மறவாதிருக்க வேண்டும். வென்றவர் பரிசுப் பணத்தைத் துணைவரோடு பங்கிடுவது அப்போட்டிகளில் நெடுநாள் வழக்கம். அது தருமமன்று, கடன் தீர்த்தல்.

இனி உங்கள் இல்லத்தைப் பாருங்கள். ஒரு பிள்ளை படித்துப் பட்டம் பெற, இன்னொரு பிள்ளை படிப்பை நிறுத்தியிருக்கலாம். தம்பியர் தலையெடுக்கும்வரை தன் திருமணத்தைத் தள்ளிவைத்த அக்கா இருக்கலாம். அவரைத் தியாகி என்று புகழ்வது எளிது. அவரிடம் என்றாவது விருப்பம் கேட்டோமா? பெற்றதில் பங்கு கொடுத்தோமா? இன்று அவர் களைத்திருந்தால், அவருக்கு முன்னே சென்று காற்றைத் தாங்க நம்மில் யார் இருக்கிறார்?

நம் ஆண்டவர் சீடரின் பாதங்களைக் கழுவிய பின்பே, நீங்களும் அவ்வாறு செய்யுங்கள் என்றார். தியாகத்தைப் பற்றிப் பிறருக்குப் பேச விரும்பும் நாம் அனைவரும், குருக்களும் பெற்றோரும் தலைவர்களும், அந்த ஒழுங்கை மாற்றாதிருப்போமாக.