ஏறுகிற வண்டிக்கு வழி

போடியைத் தாண்டி முந்தல் சோதனைச் சாவடியைக் கடந்ததும் கொச்சி - தனுஷ்கோடி நெடுஞ்சாலை மலையைப் பிடிக்கிறது. போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். தேனி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து காலையிலேயே ஜீப்புகள் கிளம்பிவிடும். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கப் போகிற பெண்கள் மடியில் தூக்குச்சட்டியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். மேலேயிருந்து ஏலக்காய் மூட்டைகளோடு போடிக்கு வண்டிகள் இறங்கும். குறுகலான இடத்தில் இரண்டும் எதிரெதிரே வந்தால் யார் நிற்பது?

இறங்குகிறவர்தான். 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலேயே இது இருந்தது. ஏற்றத்தில் பாரத்தோடு ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும். அதற்குள் வண்டி ஒரு சாண் பின்னால் உருண்டால் உள்ளே இருப்பவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும். சில சமயம் கிளீனர் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கல்லை அண்டக்கொடுப்பார். இறங்குகிற வண்டிக்கு அந்தப் பாடில்லை. பிரேக்கை விட்டால் சரிவே இழுத்துக்கொண்டு போய்விடும்.

கீழே, தரையில், பெரிய வண்டிக்குச் சின்ன வண்டி ஒதுங்குவதுதான் எழுதாத சட்டம். மலையில் அது செல்லாது. இறங்குவது லாரியாகவே இருந்தாலும், ஏறிவரும் ஓட்டை ஆட்டோவுக்காக நிற்க வேண்டும். இங்கே யாருக்குச் சிரமம் அதிகமோ அவருக்கே முன்னுரிமை.

நிற்க மனசு இருந்தால் மட்டும் போதாது. டீசலை மிச்சம்பிடிக்க நியூட்ரலில் உருட்டிவருபவர், பிரேக் சூடேறிப்போன பிறகு, விரும்பினாலும் நிறுத்த முடியாது. எந்த கீரில் ஏறினாயோ அதே கீரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான். பொறுமையும் அப்படித்தான் என்று தோன்றுகிறது. எதிரே வண்டி வந்த பிறகு அதைத் தேட முடியாது. மெட்டை விட்டுக் கிளம்பும்போதே கையில் இருக்க வேண்டும். வார இறுதியில் மூணாறு பார்த்துவிட்டு இறங்கும் கார்களில் பலருக்கு வராதது இதுதான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, வேகத்தில் இருக்கிறார்கள்.

சாயங்காலம் அதே ஜீப்புகள் காய் எடுத்துக் களைத்தவர்களோடு இறங்கும். எல்லாருக்கும் வீட்டு நினைப்பு. உலை வைக்க வேண்டும், பிள்ளைகள் காத்திருக்கும். ஆனால் இப்போது ஒதுங்க வேண்டிய முறை இவர்களுடையது. காலையில் வழிவிட்டவர் யாரென்றுகூட டிரைவருக்குத் தெரியாது. அவருக்குத் திருப்பிச் செய்யவும் வழியில்லை. முன்பின் தெரியாத இன்னொரு வண்டி முக்கிக்கொண்டு ஏறிவருகிறது. பாறைப் பக்கம் ஒதுக்கி நிறுத்தி, கையைக் காட்டுகிறார்.